யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் எடுப்பது எப்படி: முதல் தடவை இறங்குபவர்களுக்கு

என்னுடைய முதல் தொகுதி மாதிரிகள் முழுவதும் வீணாகிப்போயின. கோப்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இலை சுருண்ட மிளகாய்ச் செடியிலிருந்து இலை பறித்து, பொலித்தீன் பையில் போட்டு, மதிய வெயிலில் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வெட்டினேன். மாதங்கள் கழித்துப் படம் வந்தபோது பச்சையவுருமணிகள் ஊதிப்போய், மென்சவ்வுகள் கிழிந்து கிடந்தன. வைரசு செய்த சேதம் இதுதான் என்று நம்பி மேற்பார்வையாளருக்கு ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நல்ல செடியின்ர இலை எப்படி இருக்கு?" நல்ல இலையையும் அதே பையில்தான் கொண்டுவந்திருந்தேன். அதுவும் அப்படியேதான் இருந்தது.

இலையைச் செடியிலிருந்து பிரித்த முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே படத்தின் தலைவிதி எழுதப்பட்டுவிடுகிறது. அந்த நிமிடங்கள் யாழ்ப்பாணத்தில், நம் கையில் இருப்பவை. இயந்திரம் 400 கிலோமீற்றர் தள்ளி இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பிரச்சினை. இதை ஒருவரும் எனக்கு முதலே சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இலையை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். விலங்கு இழையத்துக்கும் ஒழுங்கு இதுவேதான், நேரங்கள் கொஞ்சம் குறையும்.

1. உங்களுக்கு டெம் உண்மையில் வேண்டுமா?

ஊடுகடத்தல் இலத்திரன் நுணுக்குக்காட்டியை ஆய்வுகூடத்தில் எல்லோரும் டெம் என்றே சொல்வார்கள். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி 200 நனோமீற்றருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. டெம்மில் ரெசினில் (கட்டியாக இறுகும் பிசினில்) பதித்த உயிரியல் மாதிரி என்றால் சில நனோமீற்றர் வரை போகலாம். ஆனால் அந்தக் கட்டியிலிருந்து சீவியெடுக்கும் மெல்லிய துண்டின், அதாவது ஒரு செக்சனின், தடிப்பு 70 நனோமீற்றர் அளவுதான். 50 மைக்குரோமீற்றர் தடிப்பான ஒரு கலத்தை முழுதாகப் பார்க்க 700 செக்சன்களுக்கு மேல் வேண்டும். நீங்கள் பார்க்கப்போவது அதில் இரண்டோ மூன்றோ. "எத்தனை கலத்தில் நோய் இருக்கிறது" என்ற கேள்விக்கு இது ஏற்ற கருவி இல்லை. "எந்த வைரசு" என்பதற்கு பீ.சி.ஆர். (மரபணுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) கெதியானது, செலவும் குறைவு. கலத்துக்குள் எது எங்கே இருக்கிறது, மென்சவ்வுக்கு என்ன நடந்தது என்ற கேள்விகளுக்குத்தான் டெம்.

வைரசுத் துணிக்கையின் வடிவம் மட்டும் போதுமென்றால் ரெசின் வேலை தேவையே இல்லை. இலையைத் தாங்கற் கரைசலில் (பீ.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) நசித்து, சாறில் ஒரு துளியைப் படலமிட்ட கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சின்ன உலோக வலைத்தட்டு) வைத்து, 2% பொசுபோதங்குத்திக் அமிலத்தாலோ யுரனைல் அசற்றேற்றாலோ சாயமிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். புகையிலை மொசைக் வைரசு இதற்கு அருமையானது. 300 நனோமீற்றர் நீளமும் 18 நனோமீற்றர் விட்டமும் கொண்ட கோல்கள், ஒரு துளியில் நூற்றுக்கணக்கில் தெரியும். புகையிலை விளையும் நம்முடைய ஊரில் பழகுவதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. மிளகாயில் இலையைச் சுருட்டும் ஜெமினி வைரசுகள் அப்படி இல்லை. 18க்கு 30 நனோமீற்றர் அளவான இரட்டைத் துணிக்கைகள், அதுவும் பெரும்பாலும் நரம்பில் உணவு கடத்தும் உரியக் கலங்களின் கருவுக்குள் ஒளிந்திருக்கும். நசித்த சாறில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கேள்வியை ஒரே வசனத்தில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். இலையின் எந்தப் பகுதியை வெட்டுவது என்பதை அந்த வசனம்தான் தீர்மானிக்கும். என் விடயத்தில் நடுநரம்பை வெட்டியிருக்க வேண்டும். நான் இலைத் தட்டை வெட்டினேன்.

2. இயந்திரக்காரருடன் முதலே கதையுங்கள்

மாதிரி தயாரான பிறகு இடம் தேடாதீர்கள். இலங்கையில் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் ஹோமாகம பிட்டிபனவில் உள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம், எல்லோரும் ஸ்லின்டெக் என்பார்கள். இந்தியாவுக்கு அனுப்ப வசதி இருந்தால் புது டில்லி எயிம்ஸில் உயிரியல் மாதிரிகளுக்கென்றே இலத்திரன் நுணுக்குக்காட்டி வசதி இருக்கிறது. எங்கே போனாலும் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

கட்டணம் மணித்தியாலக் கணக்கா, மாதிரிக் கணக்கா? பல்கலைக்கழக மாணவர் கட்டணம் தனியாக உண்டா? செக்சன் வெட்டித் தருவார்களா, அதற்கு வேறு பணமா? செக்சன் சீவும் இயந்திரமான அல்ட்ராமைக்ரோடோம் அங்கே இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். டெம் இருக்கும் எல்லா இடத்திலும் அல்ட்ராமைக்ரோடோம் இருக்காது. நனோத் துகள் பார்ப்பவர்களுக்கு அது தேவையே இல்லை. உங்கள் ரெசின் கட்டியை வெட்ட ஆளும் கத்தியும் இல்லாத இடத்தில் நேரம் ஒதுக்கி என்ன பயன்?

இயந்திரம் வேலை செய்யும் மின்னழுத்தத்தையும் கேளுங்கள். உயிரியல் செக்சனுக்கு 80 முதல் 120 கிலோவோற்று நல்லது. 200 கிலோவோற்றில் படம் சாம்பல் பூத்தமாதிரி வரும். குறைக்க முடியாத இயந்திரம் என்றால் சிறிய ஒப்ஜெக்டிவ் அபேச்சர் (இலத்திரன் கற்றையை மட்டுப்படுத்தும் துளை) போட்டுத் தரச் சொல்லுங்கள், மாறுபாடு கொஞ்சம் கூடும்.

கொட்டேசனைக் கையோடு வாங்கிவிடுங்கள். உங்கள் பீடத்தின் நிதிப் பிரிவு அது இல்லாமல் ஒன்றும் செய்யாது. அதில் உள்ள செல்லுபடியாகும் திகதியையும் பாருங்கள். என்னுடையது கையொப்பத்துக்காக மேசை மேசையாகச் சுற்றி முடிவதற்குள் காலாவதியாகிவிட்டது.

3. கடிதங்கள், அனுமதிகள்

விவசாயியின் மிளகாய்க்கு அவருடைய சம்மதம் போதும், ஆனாலும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கண்டல் இலையோ காட்டுத் தாவரமோ என்றால் வன வளத் திணைக்களத்திடம் போக வேண்டும். சுண்டிக்குளம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். மனித இழையமாக இருந்தால் மருத்துவ பீடத்தின் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி கையில் வருமுன் கத்தியைத் தொடக்கூடாது. வேலை முடிந்த பிறகு வாங்கும் அனுமதி என்று ஒன்று கிடையாது.

வெளிநாட்டுக்குத் தாவர மாதிரி அனுப்புவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தடுப்புக்காப்புச் சேவையில் முதலே விசாரியுங்கள். இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் கேட்பார்கள். ரெசினில் இறுகிய கட்டியில் உயிருள்ளது எதுவும் இல்லை. அதை விளக்கி, என்ன இரசாயனங்களால் பதப்படுத்தியது என்று பட்டியலிட்டு, துறைத் தலைவரின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் வைத்தால் பாதிக் கேள்விகள் வராது.

யுரனைல் அசற்றேற்று யுரேனியச் சேர்வை. கதிரியக்கம் மிகக் குறைவு என்றாலும் இறக்குமதி என்று வந்தால் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபையின் வாசலுக்குப் போக வேண்டும். என் ஆலோசனை: அதை வாங்கவே வேண்டாம். படம் எடுக்கும் இடத்தில் இருந்தால் அங்கேயே பாவியுங்கள். இல்லாவிட்டால் லந்தனைட்டு உப்புகளால் ஆன மாற்றுச் சாயங்கள் இப்போது விற்கிறார்கள்.

4. வாங்கும் பட்டியல்

காசு கரையும் இடம் இதுதான், கவனமாக வாசியுங்கள்.

குளுட்டரால்டிகைட்டு: இலத்திரன் நுணுக்குக்காட்டித் தரம் என்று எழுதிய 25% கரைசல், 10 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிகளில் வருவது. ஆஸ்பத்திரிகளில் கருவி சுத்தம் செய்யும் 2% கரைசல் இலவசமாகவே கிடைக்கும். எடுக்காதீர்கள். அதில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துபோய் இருக்கும், இழையத்துக்குள் சரியாக இறங்காது. சாதாரண போர்மலினும் சரிவராது.

ஒஸ்மியம் நாலொட்சைட்டு: 1 கிராம் பளிங்காக வாங்காமல், 4% கரைசல் 2 மில்லிலீற்றர் குப்பிகளாக வாங்குங்கள். ஒன்றைத் தாங்கற் கரைசலால் 8 மில்லிலீற்றராக்கினால் 1% கிடைக்கும். மாதிரிக் குப்பி ஒன்றுக்கு அரை மில்லிலீற்றர் போதும், ஆக 16 குப்பிகள். திறந்த மிச்சத்தை வைத்திருக்கும் தலையிடியும் இல்லை. எனக்கு இது வந்துசேர மூன்று மாதம் எடுத்தது, அதனால் முதலில் ஓடர் செய்ய வேண்டியது இதுதான்.

ரெசின்: இலைக்கு ஸ்பர் ரெசின். பாகுத்தன்மை குறைவு என்பதால் கலச்சுவரைத் தாண்டி உள்ளே போகும். விலங்கு இழையத்துக்கு எப்பொன் வகை. இறுகாத ரெசின் தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல், கையுறையும் புகைக்கூண்டும் கட்டாயம்.

வைரக் கத்தி ஒன்று ஆயிரக்கணக்கான டொலர். அதை வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கண்ணாடிக் கத்தியால் நல்ல செக்சன் எடுக்கலாம், அன்றன்றைக்கு உடைத்துச் செய்தால்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கல்சியம் பொசுபேற்றுக் கரைசலில் வீழ்படிவாகி உங்கள் படத்தில் கரும்புள்ளியாக வரும். கழுவிய போத்தல்களையும் கடைசியில் இருமுறை வடித்த நீரால் அலசுங்கள்.

5. தோட்டத்திலேயே வெட்டுங்கள்

நோய்க்குறி நன்றாகத் தெரிகிற முதிர்ந்த இலையை எடுக்கத்தான் கை போகும். எடுக்காதீர்கள். நோய் தொடங்கும் இளம் இலையில்தான் கலங்கள் இன்னும் உயிரோடு இருக்கும். முற்றியதில் செத்த கலங்களைத்தான் படம் எடுப்பீர்கள்.

காலை ஏழு மணிக்கு முன் தோட்டத்தில் நில்லுங்கள். மீன்காரர் பாவிக்கும் சின்ன ரெஜிபோம் பெட்டியும் ஐசும் போதும். குப்பிகளை ஐசில் நேரே புதைக்காமல் ஒரு துணிக்கு மேல் வையுங்கள். உறைந்தால் பனிப்பளிங்கு கலத்தைக் குத்திக் கிழித்துவிடும்.

கலங்களை இருந்தபடியே பிடித்து வைக்கும் நிலைப்படுத்தும் கரைசலை முதல் நாள் கலக்க வேண்டாம், அன்றைக்குக் காலையிலேயே கலக்குங்கள். 10 மில்லிலீற்றருக்கு: 0.2 மோலர் பொசுபேற்றுத் தாங்கல் 5 மில்லிலீற்றர், 25% குளுட்டரால்டிகைட்டு 1 மில்லிலீற்றர், வடித்த நீர் 4 மில்லிலீற்றர். கடைசியில் 0.1 மோலர் தாங்கலில் 2.5% குளுட்டரால்டிகைட்டு கிடைக்கும். பீ.எச். 7.2 இருக்க வேண்டும்.

செம்மண் தூசியைத் தாங்கற் கரைசலில் மெதுவாக அலசுங்கள், துடைக்காதீர்கள். பல் வைத்தியர்கள் பாவிக்கும் மெழுகுத் தகட்டில் நிலைப்படுத்தும் கரைசல் ஒரு பெரிய துளி விட்டு, இலைத் துண்டை அந்தத் துளிக்குள் வைத்து, அதற்குள்ளேயே வெட்டுங்கள். புது சவர அலகு, எண்ணெய்ப் பூச்சை எதனோலால் துடைத்தது. இரண்டு மூன்று வெட்டுக்கு ஒரு முறை அலகை மாற்றுங்கள். துண்டின் பருமன் ஒரு பக்கமாவது 1 மில்லிமீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும். குளுட்டரால்டிகைட்டு மிக ஆறுதலாகத்தான் உள்ளே ஊறும். பெரிய துண்டு என்றால் நடுப்பகுதி ஊறி முடிவதற்குள் அழுகத் தொடங்கிவிடும். இடுக்கியால் பிடிக்காதீர்கள், பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால் தள்ளுங்கள்.

இலைத் துண்டு மிதக்கும். உள்ளே காற்று இருக்கிறது. மிதக்கும் துண்டுக்குள் கரைசல் போகாது. ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சுக்குள் கரைசலோடு துண்டுகளை எடுத்து, காற்றை வெளியேற்றி, கையுறை போட்ட விரலால் நுனியை அடைத்து, தண்டை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து விடுங்கள். துண்டுகளிலிருந்து குமிழி வரும். நான்கைந்து தடவை செய்தால் அடியில் அமிழ்ந்துவிடும். அமிழாததை எறிந்துவிடுங்கள், மனசு வராது, ஆனாலும் எறியுங்கள்.

பறித்ததிலிருந்து கரைசலுக்குள் போகும்வரை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நோயுற்ற செடிக்குச் செய்ததெல்லாம் பக்கத்துப் பாத்தியில் உள்ள நல்ல செடிக்கும், அதே காலையில், அதே கையால் செய்யுங்கள். என் முதல் பிழையிலிருந்து என்னைக் காப்பாற்றியது அந்த நல்ல இலைதான்.

பிறகு அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலம், 4 பாகையில் இரவு முழுதும். குளிர்சாதனப் பெட்டியில் "உறைய வைக்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அடுத்த நாள் தாங்கலில் மூன்று தடவை, 15 நிமிடம் வீதம் கழுவுங்கள். குளுட்டரால்டிகைட்டு மிஞ்சினால் ஒஸ்மியத்தோடு சேர்ந்து மிளகுத்தூள் தூவினமாதிரி கறுப்புப் படியும்.

6. ஒஸ்மியம்: அவசரப்படாத நாளில் செய்யுங்கள்

ஒஸ்மியம் கொழுப்பைப் பிடித்து மென்சவ்வுகளைக் கறுப்பாகக் காட்டும். அதே வேலையை உங்கள் கண்ணிலும் செய்யும். ஆவி பட்டாலே விழிவெண்படலம் பாதிக்கப்படும். வேலை செய்யும் புகைக்கூண்டு, இரட்டை நைற்றைல் கையுறை, கண்ணாடி, பக்கத்தில் இன்னொரு ஆள். புகைக்கூண்டின் விசிறி ஓடுகிறதா என்று ஒரு ரிசு பேப்பர் துண்டைப் பிடித்துப் பாருங்கள். மின்சாரம் நிற்கக்கூடிய நாளில் தொடங்காதீர்கள்.

1%, ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம். துண்டு கறுக்கும். பின் கழுவுங்கள். கழிவுக்குச் சோள எண்ணெய், கழிவின் இரு மடங்கு. எண்ணெய் கறுத்தால் ஒஸ்மியம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். வீட்டுத் தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. ஒஸ்மியத்தோடு தாக்கம் புரிவது நிறைவுறாத கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு. கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் பெயரெழுதி மூடி, இரசாயனக் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

7. நீரகற்றலும் ரெசினும்

எதனோல் 30, 50, 70, 90 சதவீதம், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம். 100இல் மூன்று தடவை. 70இல் மட்டும் இரவு நிறுத்தி வைக்கலாம். ஒரு கணமும் துண்டு காயக்கூடாது, பழையதை முழுதாக உறிஞ்சாமல் கொஞ்சம் விட்டே புதியதை ஊற்றுங்கள். மாரிகாலத்தில் திறந்து வைத்த தூய எதனோல் காற்றிலிருந்து ஈரம் பிடித்துவிடும். புதுப் போத்தல் திறவுங்கள்.

மார்க்கர் பேனையால் குப்பியில் எழுதாதீர்கள். எதனோல் பட்டு அழிந்து, பதினாறு குப்பிக்கும் பெயர் இல்லாமல் நின்ற ஒரு மத்தியானம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பென்சிலால் எழுதிய சிறு கடதாசித் துண்டைக் குப்பிக்குள்ளும், கடைசியில் ரெசின் அச்சுக்குள்ளும் போடுங்கள்.

ரெசினும் எதனோலும் 1க்கு 3, பிறகு 1க்கு 1, பிறகு 3க்கு 1, பிறகு தனி ரெசின் இரண்டு தடவை. இலைக்கு ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு மணித்தியாலம், முடிந்தால் ஓரிரவு. இங்கே மிச்சம் பிடித்த நேரம் செக்சனில் ஓட்டையாக வெளிவரும். பிறகு அச்சில் போட்டு 60 முதல் 70 பாகையில் இரண்டு நாள். அடுப்பு ஜெனரேற்றர் இணைப்பில் இருக்கட்டும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல், போன நேரத்தைக் கூட்டிக் கொள்ளுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத கட்டிதான் வெட்டுவதற்கு ஏற்றது.

திங்கட்கிழமை தொடங்கினால் கெதியாகச் செய்தால் ஞாயிற்றுக்கிழமை அளவில் கட்டி கையில், ரெசினில் ஓரிரவு வீதம் விட்டால் அடுத்த வாரத்துக்குப் போகும். நடுவில் போயா விடுமுறை விழாத வாரமாகப் பாருங்கள், பூட்டிய கதவுக்கு வெளியே நின்றால் ரெசின் காத்திராது.

8. கொண்டுபோதல்

ஈர மாதிரியோடு பயணம் போகாதீர்கள். எதனோலும் குளுட்டரால்டிகைட்டும் பஸ்ஸிலும் விமானத்திலும் ஆபத்தான பொருள். இறுகிய கட்டியை ஒரு சின்ன டப்பியில் போட்டு இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போகலாம். வெயிலோ குலுக்கலோ அதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் யாழ்ப்பாணத்திலேயே கட்டி வரைக்கும் முடியுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். பாதிக் கட்டிகளை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

9. வெட்டும் சாயமும்

முதலில் 1 மைக்குரோமீற்றர் தடிப்பான செக்சன், தொலுயிடீன் நீலம், சாதாரண நுணுக்குக்காட்டி. நடுநரம்பு எங்கே என்று அதில் கண்டுபிடித்த பிறகே மெல்லியது வெட்டுங்கள். இந்த அரை மணித்தியாலம் டெம்மில் நாலு மணித்தியாலக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும்.

மெல்லிய செக்சன் தண்ணீரில் மிதக்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெள்ளி நிறம் என்றால் 60 முதல் 90 நனோமீற்றர், அதுதான் வேண்டும். தங்க நிறம் தடிப்பு. ஊதா என்றால் விட்டுவிடுங்கள். 3 மில்லிமீற்றர் விட்டமான செப்புக் கிரிட்டில் எடுங்கள்.

யுரனைல் அசற்றேற்று 10 நிமிடம், இருட்டில். கழுவி, ஈய சித்திரேற்று 5 நிமிடம். ஈயச் சாயத்தின் எதிரி நம் மூச்சு. அதிலுள்ள காபனீரொட்சைட்டு பட்டதும் வெள்ளையாக ஈயக் காபனேற்று படியும். மூடிய பெட்ரி தட்டில் சோடியம் ஐதரொட்சைட்டுக் குறுணிகளைச் சுற்றி வைத்து, கொதிக்க வைத்து ஆறிய நீரால் கழுவி, அதற்கு மேல் குனிந்து கதைக்காமல் செய்யுங்கள்.

10. இயந்திரத்தின் முன்னால்

ஒரு கிரிட்டை ஒழுங்காகப் பார்க்க முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். ஆறு கிரிட்டோடு போய் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் ஒன்றும் நடக்காது. நல்ல செடியின் கிரிட்டை முதலில் போடுங்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் முழுக் கலத்தையும் ஒரு படம், பிறகு அதே இடத்தில் படிப்படியாக மேலே. நேரே பெரிதாக்கிய படத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அது எந்தக் கலம் என்றே தெரியாது.

கரும்புள்ளி கண்டால் பக்கத்தில் இழையம் இல்லாத வெறும் ரெசினைப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் அது வீழ்படிவு, வைரசு இல்லை. நேர்கோடு கலத்தையும் ரெசினையும் ஒரே மாதிரிக் கடந்து போனால் கத்தியின் கீறல். சமாந்தர அலைகள் வந்தால் வெட்டும்போது அதிர்ந்திருக்கிறது. இதை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் நான் அந்த ஒரு பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன்.

படங்களை அளவுகோலோடு, சுருக்காத மூலக் கோப்பாகக் கேளுங்கள். சில இடங்களில் வெளி யு.எஸ்.பி. செருக விடமாட்டார்கள், சீ.டி.யிலோ மின்னஞ்சலிலோ தருவார்கள். முதலே கேட்டு வையுங்கள். கிரிட் எண்ணும் கட்டியின் எண்ணும் படத்தின் பெயரும் ஒரே வரியில் வரும்படி கொப்பியில் அன்றைக்கே எழுதுங்கள்.

மிஞ்சிய கட்டிகளை எறியாதீர்கள். ஒரு கட்டியில் வெட்டியது மயிரிழையளவுகூட இருக்காது, மிச்சம் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். என் இரண்டாவது தொகுதியைப் பார்த்த பரீட்சகர் கருவுக்குப் பக்கத்தில் இன்னொரு வெட்டுமுகம் கேட்டார். அந்தத் தோட்டத்தில் அப்போது மிளகாயே இல்லை, வெங்காயம் நட்டிருந்தார்கள். லாச்சியில் கிடந்த கட்டியை எடுத்து மறுபடி வெட்டக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் படம் வந்தது.